எல்லோரும் பயன்படுத்தும் சோர்ஸ் டைரக்டரிக்கு வெளியே தனியாக பில்ட் செய்வது அவ்வளவு அவசியமா?

அவசியம். டீமில் எல்லோருக்கும் சர்வரில் ஒரே சோர்ஸ் டைரக்டரிதான், அங்கேயே மேக் கமாண்ட் கொடுத்து கோடை ஓடும் புரோகிராமாக மாற்றினால், அதாவது பில்ட் செய்தால், என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக சீனியர் யாரோ "வெளியே பண்ணு" என்று சொல்லிவிட்டு, காரணம் சொல்லாமல் போயிருப்பார். அந்தக் காரணம் எனக்குத் தெரியும்.

முன்பு சென்னையில் ஒரு எம்பெடட் நிறுவனத்தில் இருந்தேன். சிப் தயாரிப்பாளர் கொடுத்த லினக்ஸ் கர்னல், எங்கள் சொந்த லைப்ரரிகள் எல்லாம் ஒரே சர்வரில் இருக்கும். அதை, நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாக, அவரவர் மெஷினில் மவுண்ட் செய்துகொள்வோம். கோடு ஓட வேண்டியது 32 பிட் ஆர்ம் போர்டில். டெஸ்ட் செய்வது 64 பிட் இன்டெல் மெஷினில். திடீரென்று போர்டில் மட்டும் அளவீடுகள் கன்னாபின்னாவென்று வர ஆரம்பித்தன. போர்டு வேலை அப்போதுதான் சேர்ந்திருந்த ஒரு பெண்ணிடம் இருந்தது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் "ஏம்மா, ஒழுங்கா ஃப்ளாஷ் பண்ணியா இல்லையா?" என்று கேட்டார். "பண்ணிட்டேன் சார்" என்பதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

அந்த டீமில் ஒழுங்காகத் தனி டைரக்டரியில் பில்ட் செய்துகொண்டிருந்ததே அவள்தான்.

நடந்தது இதுதான். லைப்ரரியை பில்டுக்குத் தயார் செய்ய ஆட்டோகான்ஃப் என்ற கருவி. அது தரும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஓடும்போது எந்த மெஷினுக்கான பில்டோ அதற்கேற்ற கான்ஃபிக்.எச் என்ற ஹெடர் ஃபைல் உருவாகும்; லாங் என்ற எண் வகை எத்தனை பைட் என்பதும் அதில் பதிவாகும். 64 பிட் லினக்ஸில் 8, எங்கள் ஆர்மில் 4. யாரோ ஒருவர் சோர்ஸுக்குள்ளேயே இன்டெல்லுக்கு கான்ஃபிகர் ஓட்டிவிட்டுப் போயிருந்தார். அவளுடைய பில்ட் டைரக்டரியில் 4 என்ற சரியான ஃபைல் இருந்தது. ஆனால் சி ஃபைல்களில் அந்த ஹெடரைச் சேர்க்கும் இன்க்ளூட் வரி இரட்டை மேற்கோளில் இருந்தது. அப்படி எழுதினால் கம்பைலர் முதலில் அந்த சி ஃபைல் இருக்கும் டைரக்டரியில்தான் தேடும். அங்கே 8 என்ற ஃபைல் கிடந்தது, அதையே எடுத்துக்கொண்டது. எரர் கிடையாது, வார்னிங்கும் கிடையாது. கோண அடைப்புக்குறியில் இன்க்ளூட் செய்யுங்கள் என்று ஆட்டோகான்ஃப் கையேடு சொல்வதே இதற்காகத்தான். ஜிசிசி கம்பைலருக்கு மைனஸ் போட்டு பெரிய எழுத்து எச் கொடுத்தால், எந்த ஹெடரை எங்கிருந்து எடுத்தது என்று பாதையோடு காட்டும். அதை வைத்துத்தான் பிடித்தேன்.

மேக்ஃபைல் உருவாக்கித் தரும் ஆட்டோமேக்கும் சேர்ந்திருந்தால் தப்பித்திருப்போம். சோர்ஸ் ஏற்கெனவே கான்ஃபிகர் ஆகியிருக்கிறது, அங்கே போய் பழைய பில்டை அழிக்கும் டிஸ்ட்கிளீன் கொடு என்று அது நின்றுவிடும். கர்னலும் அப்படித்தான், வெளி டைரக்டரி சொல்லி பில்ட் செய்தால், சோர்ஸ் சுத்தமாக இல்லை, அதே மாதிரி சுத்தம் செய்யும் எம்ஆர்ப்ராப்பர் கொடு என்று மறுக்கும். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி சோர்ஸுக்குள் பில்ட் செய்யவே விடாது. இன்னொரு பில்ட் கருவியான சிமேக்கிடம்தான் கவனம் தேவை. சோர்ஸுக்குள் முந்தைய பில்டின் அமைப்புகளைப் பதிந்து வைத்த பழைய சிமேக் கேஷ் ஃபைல் கிடந்தால், நீங்கள் பில்ட் டைரக்டரியில் நின்று சோர்ஸின் பாதையை மட்டும் கொடுத்தாலும், அந்த சோர்ஸையே பில்ட் இடமாக எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அங்கே கொட்டும். 3.13 பதிப்பு முதல் சோர்ஸ் இடத்தைச் சொல்ல மைனஸ் எஸ், பில்ட் இடத்தைச் சொல்ல மைனஸ் பி (இரண்டும் பெரிய எழுத்து) இருக்கின்றன. இரண்டையும் சொல்லியே கொடுங்கள்.

ஆளுக்கொரு குளோன், அதாவது சோர்ஸின் தனிப் பிரதி, எடுத்தால் போச்சு, ஒரே ரிப்போவிலிருந்து பல டைரக்டரி எடுக்க கிட் ஒர்க்ட்ரீ 2015லேயே வந்துவிட்டதே என்று கமெண்டில் சிலர் வருவார்கள். எடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே ஆள் ஒரே குளோனிலிருந்து ஆர்முக்கும் இன்டெல்லுக்கும், டீபக்குக்கும் ரிலீஸுக்கும் பில்ட் செய்தால் இதே சிக்கல் அங்கேயும் வரும். ஒரு சோர்ஸுக்கு எத்தனை பில்ட் டைரக்டரி வேண்டுமானாலும் இருக்கலாம். சோர்ஸுக்குள் எதுவும் எழுதப்படக் கூடாது. சின்ன புராஜெக்டுக்கு இது அதிகம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: டைரக்டரி உருவாக்க ஒரு கமாண்ட் போதும்.

அதன் பிறகு சர்வரில் அந்த சோர்ஸை ரீட் ஒன்லியாக எக்ஸ்போர்ட் செய்ய வைத்தேன். முதல் வாரம் ஒரே முணுமுணுப்பு. பிறகு அந்த மாதிரிக் கோளாறு ஒன்றுகூட வரவில்லை. அந்த வருட அப்ரைசலில் இதற்கு என்ன எழுதினார்கள் தெரியுமா? "டெவலப்மென்ட் பங்களிப்பு குறைவு." பில்ட் உடைந்தால் ஆபீஸே நிற்கும், அதைச் சரிசெய்கிறவர் செய்வது மட்டும் டெவலப்மென்ட் இல்லையாம். புது ஃபீச்சர் எழுதியவருக்குக் கைதட்டல். அந்தப் பெண்ணிடம், உன் மேல் தப்பில்லை என்று அந்த மேனேஜர் கடைசிவரை சொல்லவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சோர்ஸில் நின்று கிட் கிளீன் கமாண்டை மைனஸ் என்டிஎக்ஸ் சேர்த்து ஓட்டுங்கள். என் இருப்பதால் எதையும் அழிக்காது. கிட் கண்டுகொள்ள வேண்டாம் என்று கிட் இக்னோரில் எழுதியதால் மறைந்திருக்கும் பழைய பில்ட் மிச்சங்களையும் பட்டியல் போட்டுக் காட்டும். அதில் கான்ஃபிக்.எச்சோ சிமேக் கேஷோ இருந்தால், அந்த டைரக்டரியைப் பயன்படுத்தும் எல்லோரிடமும் இன்றைக்கே சொல்லிவிட்டு அகற்றுங்கள்.