யூடியூபில் சும்மா கிடைக்கும் ஸ்பேஸ் ராக்கை (விண்வெளியில் மிதப்பது போன்ற நீண்ட ராக் இசை) இசைத்தட்டில் காசு கொடுத்து வாங்குவது வெறும் பந்தாதானே?

'பந்தா' என்ற சொல்லைப் பார்த்ததால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். என் அண்ணனும் இதே சொல்லைத்தான் சொல்வார். கேள்வியில் இருக்கும் சூட்டைப் பார்த்தால், உங்கள் வீட்டில் யாரோ போன மாதச் சம்பளத்தைக் கறுப்புத் தட்டுகளாக மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார் போலிருக்கிறது. அவரைத் திட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். திட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், இல்லாவிட்டால் விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். தட்டில்தான் சத்தம் துல்லியம் என்பது உண்மையில்லை. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே வேகத்தில் சுற்றுகிறது. ஊசி நடுப்பக்கம் போகப் போக வட்டம் சின்னதாகிறது, அதே ஒரு நொடிச் சத்தத்தைக் குறைந்த நீளத்துக்குள் திணிக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் கீச்சென்ற மேல் ஒலிகள் கொஞ்சம் மங்கும். சிடியில் இந்தத் தொல்லை கிடையாது. அப்புறம், இந்த இசையைச் 'சைகடெலிக்', அதாவது மனதை மயக்கும் இசை, என்றதும் கஞ்சாவா என்று கண்ணடிப்பவர்களுக்கு: நான் இதைக் கேட்கும்போது குடிப்பது தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், அதுவும் சீனி இல்லாமல்.

சரி, பிறகு ஏன் தட்டு? இந்த வகைப் பாட்டையே தட்டின் அளவெடுத்துத்தான் தைத்தார்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும். பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் 1971 'மெடில்' தட்டில் இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 'எக்கோஸ்', 23 நிமிடம். அதே ஆண்டு ஜெர்மனியின் ஆஷ் ரா டெம்பிள் குழு போட்ட முதல் தட்டில் பக்கத்துக்கு ஒன்றாக மொத்தமே இரண்டு பாட்டுதான். இதைப் போனில் கேட்டால் நாலாவது நிமிடத்தில் குடும்ப வாட்ஸ்அப்பில் யாராவது 'காலை வணக்கம்' பூப்படம் அனுப்புவார்கள். விண்வெளியிலிருந்து நேராகப் பினாங்கு ஜெலுத்தோங்கில் வந்து விழ வேண்டியதுதான்.

என் கதைக்கு வருகிறேன். ஏழெட்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை, பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஒரு தட்டு கிடைத்தது. அட்டையில் குழுவின் பெயர்கூட இல்லை. ஒரு பசுமாடு திரும்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான். பிங்க் ஃபிளாய்டின் 'ஆட்டம் ஹார்ட் மதர்', 1970. கடைக்கார அங்கிள் "ஹஸ்பெண்டுக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றதும் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) ஏற்றிவிட்டாரோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். 25 வெள்ளி கொடுத்தேன். அட்டையெல்லாம் பூசணம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பார்த்துவிட்டு, "மாடு படம் போட்டிருக்கே, பொங்கல் பாட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்துவிட்டேன்.

அந்தத் தட்டின் கடைசிப் பாட்டு 'ஆலன்ஸ் சைகடெலிக் பிரேக்ஃபஸ்ட்', 13 நிமிடம். குழுவோடு வேலை பார்த்த ஆலன் என்பவர் பசியாறுகிறார். தீக்குச்சி கிழிக்கும் சத்தம், சட்டியில் எதையோ பொரிக்கும் சத்தம், நடுநடுவே அவருடைய முணுமுணுப்பு, இடையில் பியானோ, கிடார். முடிவில் குழாய் சொட்டுகிறது. என்னிடம் இருக்கும் பதிப்பில் அந்தச் சொட்டு, தட்டின் நடுவில் ஊசி வந்து சுற்றிக்கொண்டே நிற்கும் வட்டத்திலும் பதிவாகியிருக்கிறது. எழுந்து போய் ஊசியைத் தூக்கினால்தான் நிற்கும். சிடியில் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும்.

முதல் நாள் ராத்திரி எனக்கு அது தெரியாது. நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். இரவு பதினொன்றரைக்கு அம்மா எழுந்து அடுப்படிக் குழாயை இறுக்கி, குளியலறைக் குழாயை இறுக்கி, சிங்க் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னை உலுக்கினார். "ஏம்மா, எங்கியோ தண்ணி ஒழுகுது. காலையில பிளம்பர கூப்பிடு."

நான் சுற்றும் தட்டைக் காட்டினேன். அம்மா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டார்.

"இது எப்ப முடியும்?"

"நாமளா எடுத்தாத்தான் முடியும்."

"அப்ப எடு. பில்லு கட்டுறது யாரு?"

யூடியூபில் ஆயிரம் முறை கேட்டாலும் எனக்கு இந்த ராத்திரி கிடைத்திருக்காது.

'இதெல்லாம் ஸ்பேஸ் ராக்கே இல்லை, ஹாக்விண்ட் குழுவைக் கேள்' என்று எழுத வருபவர்களே, அவர்களுடைய 1973 'ஸ்பேஸ் ரிச்சுவல்' இரட்டைத் தட்டும் என்னிடம் உண்டு. அதில் வாசிக்கும் லெம்மியின் பேஸ் கிடாருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். சுவரைத் தட்டத் தெரிந்த அதே மனிதர், எங்கள் ஃபிளாட்டின் லிஃப்ட் இரண்டு மாதம் வேலை செய்யாதபோது குடியிருப்பாளர் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. என் ஸ்பீக்கர்கள் இரண்டையும் ஒன்பதாம் மாடிக்குப் படியேறித்தான் தூக்கினேன். முட்டி இன்னும் வலிக்கிறது. இந்த வலியைப் பந்தாவுக்காக யாரும் வாங்கமாட்டார்கள்.

உங்கள் வீட்டில் தட்டு வாங்குபவர் திருந்தமாட்டார் என்றால் அவரிடம் இரண்டு விஷயமாவது சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூசணம் வந்தே தீரும், அதனால் பழைய காகித உறையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது உறை மாற்றி, தட்டுகளை நிற்கவைத்து அடுக்கச் சொல்லுங்கள். வாங்கியதும் தட்டை வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிட்டு மதியம் நாசி கண்டார் சாப்பிடப் போகக் கூடாது. நான் ஒருமுறை போனேன். திரும்பி வந்தபோது தட்டு அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.