15,000 ரூபாய்க்குள் போட்டோகிராபி ஆரம்பிக்க முடியுமா? எந்தக் கேமரா வாங்கலாம்?

முடியும். நான் ஆரம்பித்தது 14,000 ரூபாயில். அதிலும் ஒரு பங்கு வீணாய்ப் போனது, அந்தக் கதை பின்னால் வருகிறது. ஆனால் காசு கையில் இருக்கிறது என்று இன்றைக்கே வாங்கிவிடாதீர்கள். மூன்று மாதம் போனிலேயே எடுங்கள். அந்தக் காசில் கொஞ்சத்தைப் பஸ்ஸுக்குச் செலவழியுங்கள்.

திருநெல்வேலிப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். குறுக்குத்துறை முருகன் கோயில் தெரியும்தானே, தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் முங்கிப்போகுமே, அதுதான். அங்கே ஒரே தூணைக் காலை ஆறரைக்கு, எட்டு மணிக்கு, உச்சிவெயிலில், சாயங்காலம் என்று நாலு தடவை எடுங்கள். காலையில் வெயில் பக்கவாட்டில் சரிந்து விழும்போது கல்லில் உளி பட்ட இடமெல்லாம் எழுந்து நிற்கும். மத்தியானம் அதே தூண் சப்பென்று இருக்கும். குளிக்க வந்தவர்கள் முகத்திலோ கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் தெரியும். இதை நான் ஒரு வீடியோவிலும் கற்கவில்லை.

அடுத்து, திருச்செந்தூர் சாலையில் இருக்கிற கிருஷ்ணாபுரம் பெருமாள் கோயில். கர்ணன், அர்ச்சுனன் சிலைகள் இருக்கிற மண்டபத்தில் வெளிச்சம் குறைவு, கை லேசாக நடுங்கினாலும் படம் கலங்கும். எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, போனைத் தரையில் சாய்த்து வைத்து, இரண்டு விநாடி டைமர் போட்டு எடுங்கள். ட்ரைபாட் காசு மிச்சம். அம்பாசமுத்திரம் பக்கம் வயல் எடுக்கப் போனால் ஒன்று கவனிக்கணும்: போன் காட்டுகிற சூரிய அஸ்தமன நேரத்தை நம்பாதீர்கள். மேற்கே மலை நிற்பதால் அதற்கு வெகு முன்னாலேயே வெயில் மறைந்துவிடும். நான் இரண்டு தடவை ஏமாந்து திரும்பியிருக்கிறேன்.

சரி, கேமரா. எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு, அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமராவுக்கு, மாறுவதால் கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் மலிவாகக் கிடைக்கிறது. நான் வாங்கியது 2010இல் வந்த நிக்கான் டி3100, கூடவே 18-55 எம்எம் ஜூம் லென்ஸ், இரண்டும் சேர்த்து 8,500 ரூபாய். 14 மெகாபிக்சல்தான், ஆனால் 12க்கு 18 அங்குலம் பிரிண்ட் போட்டாலும் தாங்குகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து பத்து நாள் கழித்து, படமெல்லாம் ஏன் பால் ஊற்றின மாதிரி இருக்கிறது என்று பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தெரிந்த அண்ணாச்சியிடம் காட்டினேன். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "என்னல இது, உள்ள பூசணம் பூத்துக் கெடக்கு. வாங்கும்போது பாக்கலையா?" கழற்றித் துடைக்க ஆகிற காசுக்கு அதே மாதிரி இன்னொரு லென்ஸ் வாங்கிவிடலாமாம்.

ஆகவே, பழையது வாங்கும்போது லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் வேண்டாம். அப்புறம் எஃப்/16 வைத்து, அதாவது லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்கி, வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்கினால், படம் பதிகிற சென்சாரில் தூசி இருப்பது தெரிந்துவிடும். எத்தனை ஷாட் ஓடியிருக்கிறது என்றும் கேளுங்கள், 1 லட்சத்தை நெருங்கியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேமராவைப் பைக்குள் போட்டுப் பீரோவில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வளவுதான்.

மிச்சம் 5,500க்கு 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் (ஜூம் கிடையாது, வெளிச்சம் நிறைய வாங்கும்) ஒன்று, அதுவும் பழையதுதான். நிக்கானில் 1.8டி என்று முடிகிறதை, விலை குறைவென்று எடுத்துவிடாதீர்கள். அந்த லென்ஸிலும் ஃபோகஸ் மோட்டார் இல்லை, டி3100 மாதிரிச் சின்ன கேமராக்களிலும் இல்லை, ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். 1.8ஜி வாங்குங்கள். இந்த லென்ஸ் வீட்டுக்குள் கொஞ்சம் நெருக்கும், ஆள் படத்துக்கு அருமை. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சியை எடுத்தபோது முகத்தில் ஒரு பாதி இருண்டிருந்தது. கொடியில் காய்ந்த அப்பாவின் வெள்ளை வேட்டியை அந்தப் பக்கம் பிடிக்கச் சொன்னேன், சரியாகிவிட்டது. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ரிஃப்ளெக்டர் இன்றுவரை வாங்கவில்லை.

கூந்தன்குளம் பறவைச் சரணாலயம் போய்ப் பறவை எடுக்க ஆசை வரும். நீரில் தூரத்தில் நிற்பதற்கு இந்த லென்ஸ் எட்டாது. ஆனால் மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள் நிற்கிற மரங்களிலேயே கூடு கட்டும், அதற்குப் பழைய 55-200 எம்எம் ஜூம் லென்ஸ் போதும். அது அடுத்த வருஷச் செலவு.

எடிட்டிங்குக்கு டார்க்டேபிள் என்கிற கம்ப்யூட்டர் மென்பொருள் இலவசம். மெமரி கார்டு மட்டும் புதிதாக வாங்குங்கள். கேமராவோடு சும்மா கிடைத்த கார்டை நம்பி எங்கள் மதினி வளைகாப்பை எடுத்தேன். பாதிப் படம் திறக்கவே இல்லை. பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, மதினி இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.