தேன்சிட்டு ஏன் கறுப்பாகவே விழுகிறது?

உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வணக்கம்ங்க. தோட்டத்துச் சாளையில குடியிருக்கறோம். பொடக்காலியில வாழை, முருங்கை, செம்பருத்தி எல்லாம் இருக்குது. ஊதாத் தேன்சிட்டு தினமும் வருதுங்க. கேனான் கேமராவும் 55-250 லென்சும் வெச்சிருக்கேன். ஆனா எந்தப் படத்துலயும் குருவி கறுப்பா, சின்னதாத்தான் விழுகுது. பெரிய லென்ஸ் வாங்கோணுங்களா?"

வேண்டாங்க. அந்தப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். தேன்சிட்டின் நீளம் சுமார் 10 செ.மீ. உங்கள் லென்ஸை 250-இல், அதாவது முழு ஜூமில் வைத்து 10 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், படத்தின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் அது இருக்கும். அதே லென்ஸில் 3 மீட்டர் தூரத்தில் எடுத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்துவிடும். ஆக, அந்த ஏழு மீட்டரைக் குறைக்க வழி பார்க்க வேண்டும். குருவியை நோக்கி நடந்தால் பறந்துவிடும். அது வருகிற இடத்தில் முன்னாடியே போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உங்கள் வாழை குலை தள்ளியிருக்கிறதா? அதைவிட நல்ல மேடை கிடையாது. பூவின் மடல் ஒவ்வொன்றாக விரிய விரிய உள்ளே புதுச் சீப்புப் பூக்கள் தேனோடு திறக்கும்; நாள் கணக்கில் இது நடக்கும். நேராகப் பூவுக்கு வராமல், பக்கத்தில் எங்காவது ஒரு நொடி உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலும் தேன்சிட்டு வரும். அந்த ஒரு நொடிக்காக, பூவுக்கு ஒரு முழம் தள்ளி, விரல் பருமனில் காய்ந்த கிளுவைக் குச்சி ஒன்றைக் கட்டிவிடுங்கள். குச்சிக்குப் பின்னால் வானமோ வெள்ளைச் சுவரோ வரக் கூடாது. ஐந்தாறு மீட்டருக்கு அப்பால் பச்சை இலைகள் இருந்தால் பின்னணி பாலாய்க் கரைந்துவிடும். நீங்கள் உட்காரும் இடத்தில் பச்சை நிழல்வலையைத் தொங்கவிட்டு, லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். முதல் நாலைந்து நாள் கேமராவைத் தொடாமல் சும்மா உட்காருங்கள். வலை அங்கேயே இருக்கும் ஒரு பொருளாகக் குருவிக்குப் பழகட்டும்.

இனி கறுப்புக்கு வருவோம். ஆண் சிட்டின் அந்த நீலமும் ஊதாவும் சாயம் அல்ல. சிறகின் நுண்ணிழைகளுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் மெலனின் என்னும் கருநிறமித் துகள்களில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போதுதான் அந்த நிறம் பிறக்கிறது. கோணம் மாறினால் நிறம் போய்விடும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து, பறவையும் உங்கள் பக்கம் திரும்பியிருந்தால் கழுத்து தீப்பிடித்த மாதிரி மின்னும். கொஞ்சம் திரும்பினால் கரித்துண்டு.

பறவையை எப்படி நம் பக்கம் திருப்புவது? இதற்குக் காற்று உதவும். இறகு கலையாமலிருக்க, பலமாக வீசும் காற்றைப் பார்த்தபடியேதான் பறவைகள் உட்காரும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று உங்கள் ஊர்க் காற்றாலைகளையெல்லாம் சுற்றவைக்கும். அப்போது காலையில் வெயிலுக்கு முதுகு காட்டிக் கிழக்கே உட்கார்ந்தால், குருவி மேற்கே திரும்பி வாலைத்தான் காட்டும். எனவே ஆனி, ஆடி, ஆவணியில் சாயங்காலம் நாலரைக்கு மேல் குச்சிக்கு மேற்கே உட்காருங்கள். வெயில் உங்கள் முதுகில், காற்றும் உங்கள் முதுகில், குருவியின் முகம் உங்களைப் பார்த்து. ஐப்பசிக்கு மேல் வாடைக் காற்று கிழக்குப் பக்கமிருந்து வரும்; அப்போது காலை எட்டரைக்குள் கிழக்கே உட்காருங்கள். வருஷக்கணக்கில் காலையில் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்த எனக்கு, இது புரிந்த பிறகுதான் முகம் தெரியும் படங்கள் கிடைத்தன.

கேமரா அமைப்பு எளிது. ஷட்டர் வேகம் 1/1000, குளிக்கும்போதோ பறக்கும்போதோ 1/2000. வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவான ஐ.எஸ்.ஓ தானியங்கி. ஃபோகஸை 'ஏ.ஐ. செர்வோ'வில் (அசையும் பொருளைத் தொடரும் முறை) வைத்து, ஒற்றைப் புள்ளியைக் கண்மேல் நிறுத்துங்கள். 3 மீட்டர் தூரத்தில் எஃப் 5.6-இல் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சுருங்கி ஆழம் கூடும்) கூர்மையாக விழுவது சுமார் 3 செ.மீ ஆழம் மட்டுமே. வெளிச்சம் இருந்தால் எஃப் 8-க்குப் போங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

கோடையில் அகலமான மண்தட்டில் இரண்டு அங்குலத் தண்ணீரும் நடுவே ஒரு கல்லும் வைத்தால், கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவிக் கூட்டம், தையல்சிட்டு எல்லாம் வரும். தண்ணீரை தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். பூனை பதுங்கும் புதருக்கு ஒட்டி வைக்காதீர்கள். இனப்பெருக்க காலம் முடிந்ததும் ஆண் தேன்சிட்டு பளபளப்பை உதிர்த்து, மஞ்சள் வயிற்றில் ஒரு கருங்கோட்டோடு திரியும். வேறு குருவி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கூட்டைப் படம் எடுக்காதீர்கள். பல வருஷம் முன்பு, செம்பருத்தியில் தொங்கிய ஒரு தேன்சிட்டுக் கூடு சரியாகத் தெரியவில்லை என்று நான் இரண்டு கிளைகளை ஒதுக்கிக் கட்டினேன். மறைப்பு போனது. மறுநாள் காலையில் கூடு கிழிந்து தொங்கியது. காக்கை சுவரில் உட்கார்ந்திருந்தது. கூட்டையும் முட்டையையும் குலைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அந்தத் தாய்க்குருவி அன்று முழுதும் அந்தச் செடியைச் சுற்றியதை என்னால் மறக்க முடியவில்லை. கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டதென்று அது இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு அலையும்.

புரட்டாசி முடியும்போது வாழையடியில் விழும் சருகைக் கூட்டாமல் அப்படியே விடுங்கள். வடக்கேயிருந்து தோட்டக்கள்ளன் வந்து இறங்கும் காலம் அது. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுவதால் ஆறுமணிக்குருவி என்றும் சொல்வார்கள். சருகைப் புரட்டிப் புழு தேடும் பறவை. அதற்கு நிழல்வலையைத் தரைவரை இறக்கிக் கட்டி, மனைப்பலகை போட்டுத் தாழ உட்காருங்கள்.