இருக்கிற ஒரே போனை அன்லாக் பண்ணலாமா?

அக்கா வணக்கம். என் போன் வாங்கி நாலு வருஷம் ஆச்சு, அப்டேட் வர்றது நின்னுபோச்சு. கம்பெனிக்காரன் போட்டு வச்ச ஆப்பை டெலீட் பண்ண விடமாட்டேங்குது, அது போதாதுன்னு விளம்பரம் வேற. கூட படிக்கிற பையன், பூட்லோடரை அன்லாக் பண்ணி லினேஜ் ஓஎஸ்னு வேற ஒரு ஆண்ட்ராய்டைப் போட்டா புது போன் மாதிரி ஓடும், அரை மணி நேர வேலைதான்னு சொல்றான். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. இருக்கறது இந்த ஒரு போன்தான், பேங்க் ஆப்ல இருந்து காலேஜ் வேலை வரைக்கும் எல்லாம் இதுலதான். பண்ணலாமா, வேண்டாமா?
— ஒரு கல்லூரி மாணவர்

வணக்கம் தம்பி,

இந்த போன்ல வேண்டாம். உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கறதுக்காக நான் இதைச் சொல்லல, பொறுமையா உக்காந்து படிச்சா யாரும் கத்துக்கலாம். இருக்கறது இந்த ஒரு போன்தான், பேங்க் ஆப்பும் இதுலதான்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுக்காகத்தான் சொல்றேன்.

பூட்லோடர்னா போன் ஆன் ஆகும்போது முதல்ல ஓடி, எந்த சாஃப்ட்வேரை ஏத்தலாம்னு பாக்கற புரோகிராம். அதை அன்லாக் பண்ண உடனே போன்ல இருக்கற எல்லாமே அழிஞ்சிடும். வேணும்னுதான் அப்படி வச்சிருக்காங்க, இல்லன்னா திருடிட்டுப் போனவன் அன்லாக் பண்ணி உள்ள இருக்கறதை எடுத்துடுவான். போட்டோவை எல்லாரும் பேக்கப் எடுத்துடுவாங்க, ஆனா லாகின் கோடு காட்டுற ஆத்தென்டிகேட்டர் ஆப்பை மறந்துடுவாங்க, அப்புறம் மெயிலுக்குள்ளயே போக முடியாம நிக்கணும்.

அடுத்தது பேங்க் ஆப். இந்த போன்ல ஓடறது கூகுள் சான்று கொடுத்த சாஃப்ட்வேர்தானா, பூட்லோடர் பூட்டி இருக்கான்னு கூகுளோட ப்ளே இன்டெக்ரிட்டிங்கற சோதனை வழியா ஒரு ஆப்பால கேட்டுத் தெரிஞ்சுக்க முடியும். அன்லாக் பண்ண போன் அந்த சோதனையில சாதாரணமா தேறாது. சில ஆப் அதைக் கண்டுக்காது, சிலது திறக்கவே திறக்காது, இன்னைக்கு திறந்தது அடுத்த அப்டேட்ல திறக்காமலும் போகலாம். அன்லாக் ஆனதை மேஜிஸ்க் மாதிரி டூல் வச்சு மறைக்கலாம்னு உங்க ஃப்ரெண்ட் சொல்வார், மறைக்கலாம்தான், ஆனா அவங்க ஒரு கதவை அடைக்க நீங்க இன்னொண்ணைத் தேடன்னு அது ஓயவே ஓயாது, ஃபீஸ் கட்ட வேண்டிய நாள்ல அந்த வேலை உங்களுக்கு எதுக்கு?

எனக்கு நிஜமாவே பயம் இதுக்கு அடுத்த கட்டத்துலதான். பேங்க் ஆப் திறக்கலன்னதும், சரி திரும்ப லாக் பண்ணிடலாம்னு கஸ்டம் ரோம் (லினேஜ் ஓஎஸ் மாதிரி, கம்பெனியோடதுக்குப் பதிலா நாம ஏத்தற ஆண்ட்ராய்டு) உள்ள இருக்கும்போதே பூட்லோடரை லாக் பண்றாங்க. பெரும்பாலான போன்ல அதுதான் முடிவு, ஏன்னா லாக் ஆன பூட்லோடர் கம்பெனி கையெழுத்து இருக்கற சாஃப்ட்வேரை மட்டும்தான் ஏத்துக்கும், வேற எது இருந்தாலும் போன் ஆன் ஆகாது, சில மாடல்ல மறுபடி அன்லாக் பண்ணவும் வழி இருக்காது. கூகுளோட பிக்சல் போன்ல க்ராஃபீன் ஓஎஸ்ங்கற கஸ்டம் ரோம் போட்டுட்டு லாக் பண்ணலாம், அது அதுக்குன்னே செஞ்சது, அதைப் பாத்துட்டு எல்லா போனும் அப்படித்தான்னு நினைக்கக் கூடாது. சாம்சங்ல இன்னொண்ணு இருக்கு, கஸ்டம் சாஃப்ட்வேர் ஏத்தினா உள்ள இருக்கற நாக்ஸ்ங்கற எலக்ட்ரானிக் ஃப்யூஸ் ஒண்ணு எரிஞ்சிடும், அதைத் திரும்ப மாத்த முடியாது, பழைய சாஃப்ட்வேரையே திரும்பப் போட்டாலும் ரகசிய ஃபைலைப் பூட்டி வைக்கற செக்யூர் ஃபோல்டர் வராது.

இப்ப உங்க குறைக்கு வருவோம், அதுல பாதிக்கு மேல அன்லாக் இல்லாமலே தீரும். செட்டிங்ஸ்ல பில்டு நம்பரை 7 தடவை தட்டினா டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும், அதுல யூஎஸ்பி டீபக்கிங் ஆன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏடிபி (போனுக்குக் கட்டளை அனுப்பற டூல்) வச்சு வேண்டாத ஆப்பை உங்க யூசர்ல இருந்து மட்டும் எடுத்துடலாம். ஆப்போட ஒரிஜினல் போனோட சிஸ்டம் பகுதியிலயே இருக்கும், ஃபேக்டரி ரீசெட் அடிச்சா திரும்ப வந்துடும், அதனால தைரியமா பண்ணலாம், ஆனா என்னன்னு தெரியாத ஆப்ல மட்டும் கை வைக்காதீங்க. ஆண்ட்ராய்டு 9 இல்லன்னா அதுக்கு மேல இருந்தா, செட்டிங்ஸ்ல ப்ரைவேட் டிஎன்எஸ்ல (வெப்சைட் பேரை முகவரியா மாத்தற சர்வரைச் சொல்ற இடம்) விளம்பரம் தடுக்கற சர்வர் பேரைப் போடுங்க, நிறைய குறையும். ஹோம் ஸ்க்ரீன் பிடிக்கலன்னா லாஞ்சரை மாத்திக்கலாம்.

அப்டேட் விஷயத்துல மட்டும் உங்க ஃப்ரெண்ட் சொல்றதுல நியாயம் இருக்கு. 2016 டிசம்பர்ல சயனோஜென்மாட்ங்கற பழைய கஸ்டம் ரோமை மூடினப்போ அதுல இருந்து கிளம்பின லினேஜ் ஓஎஸ், கம்பெனி கைவிட்ட எத்தனையோ போனை இன்னும் ஓட வச்சிட்டிருக்கு, அந்த வேலை மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா அதுவும் ஆண்ட்ராய்டு பகுதியைத்தான் புதுசாக்கும், நெட்வொர்க்கைப் பிடிக்கற மோடம் மாதிரி பாகங்களுக்கு சிப் கம்பெனி கொடுக்கற ஃபர்ம்வேர் (பாகத்துக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) பெரும்பாலும் பழைய இடத்துலயே நிக்கும். அதனால புது போன் அளவுக்கு பாதுகாப்புன்னு நம்பிடாதீங்க.

கத்துக்கற ஆசை இருந்தா விடாதீங்க, யாரும் தொடாம ட்ராயர்ல கிடக்கற பழைய போன்ல ஆரம்பிங்க. கம்பெனிக்காரன் அன்லாக் பண்ண விடறானான்னு முதல்ல பாருங்க, ஷாவ்மில அக்கவுன்ட்டைச் சேர்த்துட்டு காத்திருக்கணும், ஹுவாவே 2018லயே அன்லாக் கோடு கொடுக்கறதை நிறுத்திட்டான். விக்கற பேரை நம்பாம கோட்நேமை (மாடலுக்குக் கம்பெனி உள்ளுக்குள்ள வச்ச பேர்) வச்சுத் தேடுங்க, ஒரே பேர்ல வேற வேற சிப்போட போன் வருது, வேற மாடலோட ஃபைலை ஏத்தினா கதை முடிஞ்சது. கம்பெனியோட ஒரிஜினல் ஃபர்ம்வேரை இறக்கி வச்சு, அதைத் திரும்பப் போடற முறையைப் படிச்சு புரிஞ்சதுக்கு அப்புறமா அன்லாக் பட்டன்ல கை வைங்க. பழைய போன் எதாவது கிடைச்சா அபவுட் போன்ல இருக்கற மாடல் நம்பரை எழுதி அனுப்புங்க, அதுக்கு ரோம் இருக்கான்னு பாத்து சொல்றேன்.