மாமனாரின் பூச்சாடியும் மகனின் சந்தேகமும்

கேள்வி: என் மாமனார் இரண்டாம் உலகப் போரில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். எகிப்திலிருந்து அவர் கொண்டுவந்த பித்தளைப் பூச்சாடி ஒன்று வீட்டில் இருக்கிறது. பீரங்கிக் குண்டின் கூடு அது. ஒட்டகம், ஈச்சமரம், பிரமிடு எல்லாம் செதுக்கி, ஆங்கிலத்தில் ‘கெய்ரோ 1942’ என்று எழுதியிருக்கும். “பாலைவனத்தில் உட்கார்ந்து என் கையால் செய்தது” என்பாராம். கல்லூரியில் படிக்கும் என் மகன், இணையத்தில் இதே மாதிரி நிறையக் கிடக்கிறது, கடையில் வாங்கிவிட்டுத் தாத்தா கதை விட்டிருக்கிறார் என்கிறான். அடியில் வேறு 1941 என்று இருக்கிறது. 86 வயது மாமியார் இரண்டு நாளாக அவனோடு பேசவில்லை. யார் சொல்வது சரி? பொங்கலுக்குப் புளி போட்டுத் தேய்த்து, நிரந்தரமாகப் பளபளக்கப் பாலிஷ் அடித்து வைக்கலாமா?
- வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: முதலில் புளியைக் கீழே வையுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அந்த 1941 கூடு செய்த வருடம். தொழிற்சாலையில் அச்சடித்தது. 1941-இல் செய்த கூட்டில் 1942-இல் படம் செதுக்கியதில் எந்த முரணும் இல்லை. பக்கத்தில் ‘25 பி.ஆர்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பிரிட்டிஷ் படையின் 25 பவுண்டர் பீரங்கிக் கூடு. வெட்டாமல் இருந்தால் ஒரு அடிக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அந்தப் பீரங்கியில் குண்டைத் தனியாகத் தள்ளிவிட்டு, வெடிமருந்துப் பைகள் போட்ட கூட்டைப் பின்னால் தனியாகச் செருகுவார்கள். சுட்டபின் கூடு வெறும் பித்தளைப் பாத்திரம். கணக்குப்படி அது சர்க்கார் சொத்து, திரும்ப ஒப்படைத்தால் மறுபடி மருந்து நிரப்புவார்கள். ஆனாலும் எத்தனையோ கூடுகள் பூச்சாடியாகவும் சாம்பல் கிண்ணமாகவும் ஊர் போய்ச் சேர்ந்தன. மாமனார் எப்படிக் கொண்டுவந்தார் என்று இப்போது யாரும் கேட்கப்போவதில்லை.

உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை. கெய்ரோ கடைத்தெருவில் பித்தளை வேலைக்காரர்கள் பரம்பரையாக இருந்தவர்கள். பட்டாளம் வந்து இறங்கியதும் அவர்களுக்கு நல்ல வியாபாரம். கூட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துச் செதுக்கச் சொன்னவர்களும் உண்டு, செய்ததையே வாங்கியவர்களும் உண்டு. ஆனால் சிப்பாய் தானே செய்திருக்க முடியாது என்று நினைத்தால் அவன் சாப்பர்ஸை அறியவில்லை. பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது, பாதை வெட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. கம்பெனியில் கொல்லரும் தச்சரும் இருப்பார்கள், சுத்தியல் உளிக்குப் பஞ்சமில்லை. மதராஸ் சாப்பர்ஸின் 12-ஆவது பீல்டு கம்பெனி, 4-ஆவது இந்திய டிவிஷனோடு வட ஆப்பிரிக்காவில் இருந்தது. போர் என்றால் தினமும் சண்டை என்று நாம் நினைக்கிறோம். முக்கால்வாசி நாள் காத்திருப்புத்தான். கை சும்மா இருக்குமா?

செய்முறையும் நம்மூர் ஆட்களுக்குப் புதிதல்ல. கூட்டுக்குள் ஈயமோ தாரோ மணலோ நிரப்பிக்கொண்டு வெளியிலிருந்து தட்டுவார்கள், இல்லாவிட்டால் நசுங்கிவிடும். தட்டத் தட்டப் பித்தளை இறுகும். நெருப்பில் காட்டி இளக்கிவிட்டு மறுபடி தட்ட வேண்டும். தஞ்சாவூர்த் தட்டுக்குப் பின்புறம் அரக்கு வைத்து உருவம் எழுப்புகிறார்களே, கிட்டத்தட்ட அதே சூட்சுமம்.

சரி, யார் கை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெயிலில் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடியுங்கள். ஒட்டகத்தின் முதுகுக்கோடு ஒரே வீச்சில், ஆழமாக, இடறாமல் ஓடுகிறதா? இடையிடையே வெள்ளியோ செம்போ பதித்திருக்கிறதா? அப்படியென்றால் பழகிய கை, கடைத்தெருவாக இருக்கலாம். கோடு முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகளாக இருந்தால், ஆணியையோ கூர் உளியையோ வைத்துத் தட்டியது. அது பெரும்பாலும் தொழில் தெரியாதவர் வேலை. எழுத்து கடைசியில் இடம் போதாமல் நெருங்குகிறதா, ஒட்டகத்துக்குக் கால் கோணலா என்று பாருங்கள். கோணல் இருந்தால் சந்தோஷப்படுங்கள். இன்னொன்றும் சாத்தியம்: படம் கடைக்காரர் செதுக்கியது, ஊர்ப்பெயரும் வருடமும் மாமனார் தட்டியது. அப்படியானால் இரண்டு கையும் சாடியில் தெரியும். அவருடைய படை எண் எங்காவது பொறித்திருக்கிறதா என்றும் தேடுங்கள். படையை விட்டு வரும்போது கொடுத்த பழைய டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் ஒத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேளுங்கள். சாப்பர்ஸ் தலைமையகம் பெங்களூரில்தான் இருக்கிறது.

இப்போது புளி விஷயம். என் பெரியப்பா பட்டாளத்திலிருந்து ஒரு காகிதக் கத்தி கொண்டுவந்தார். பிடி துப்பாக்கித் தோட்டாவின் கூடு, அலகு செம்பு. அலகில் பெரியம்மாவின் பெயரைப் புள்ளி புள்ளியாகத் தட்டியிருந்தார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த புண்ணியவதி நான்தான். இப்போது முதல் எழுத்து மட்டும் விரல் வைத்தால் தெரிகிறது. அதனால் உலர்ந்த மெத்துத் துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். பீதாம்பரியும் வேண்டாம், அந்த நிரந்தரப் பாலிஷும் வேண்டாம். பூ வைப்பதென்றால் உள்ளே ஒரு கண்ணாடித் தம்ளர் வைத்து அதில் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அடிப்பாகத்தின் நடுவில் வட்டமாக ஒரு திருகு மூடி போல இருக்கும். அதில் அடிபட்ட பள்ளம் தெரிந்தால் பெரும்பாலும் சுட்டு முடித்த கூடு. நடுவில் வெறும் ஓட்டை என்றாலும் கவலையில்லை. பள்ளமே இல்லை என்றால் சூடு காட்டாதீர்கள், துளை போடாதீர்கள், போலீசுக்குச் சொல்லி ஆள் வரவழையுங்கள். கூட்டோடு கூர்க்குண்டும் சேர்ந்தே இருக்கிற பொருள் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் கையே வைக்கக் கூடாது.

மகனிடம் ஒரு வேலை கொடுங்கள். வெள்ளைத் தாளைச் சாடியைச் சுற்றிப் பிடித்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்து முழுப் படத்தையும் எடுக்கட்டும். அப்புறம் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தா என்னதான் சொன்னார் என்று முதலிலிருந்து கேட்டுப் போனில் பதிவு செய்யட்டும். “கதை விட்டார்” என்பதற்கு மன்னிப்பையும் அப்போதே கேட்டுவிடலாம். ஒட்டகத்தின் கால் கோணலா என்று எனக்கும் எழுதுங்கள்.