கேளுங்கள், சொல்கிறோம்: காத்தாடியும் அணு உலையும்

கேள்வி: ஆரல்வாய்மொழி முழுக்கக் காற்றாலைக் காத்தாடி சுற்றுகிறது. அப்புறம் எதற்குக் கூடங்குளத்தில் உலையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள்? (வாசகர், தோவாளை)

ஆனி, ஆடியில் கேட்டால் நியாயம் உங்கள் பக்கம். கார்த்திகையில் ஒருநாள் முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைத் தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பாருங்கள், கண்ணுக்கெட்டியவரை இறக்கைகள் சும்மா நிற்கும். அன்றைக்கும் ராத்திரி நாகர்கோவிலில் விளக்கு எரிய வேண்டுமே, அந்த இடத்தைப் பெரும்பாலும் நிலக்கரிதான் நிரப்புகிறது. 1,000 மெகாவாட் உலை ஒன்று முழுத்திறனில் ஓடினால் நாளொன்றுக்கு 2.4 கோடி யூனிட், காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும். சுரங்கம், கட்டுமானம் எல்லாம் சேர்த்து ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி போட்ட கணக்கில் ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி 800 கிராமுக்கு மேல் கரியமில வாயு விடுகிறது, அணு சுமார் 12 கிராம்.

ஆக, உலை வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் வேகம்? 2070-க்குள் நிகர பூஜ்ஜியம், அதாவது நாடு விடுகிற கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சரிக்குச் சரி, என்று கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா சொல்லியாயிற்று. 2047-க்குள் 100 ஜிகாவாட் அணுமின்சாரம் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தபோது நாட்டில் இருந்தது 9 ஜிகாவாட் கூட இல்லை. கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் போட்டது 1988-ல், முதல் கரண்டு வந்தது 2013-ல். இந்த நடையில் போனால் காத்தாடியையும் சோலாரையும் நம்பித்தான் பாதி வழி போக வேண்டியிருக்கும்.

கேள்வி: மணவாளக்குறிச்சி மணலிலேயே தோரியம் இருக்கிறதே, அதை வைத்தே கரண்டு எடுக்கலாமே? (வாசகி, குளச்சல்)

இருக்கிறது, மோனசைட் என்ற தாதுவில். ஆனால் தோரியம் தானாகப் பிளவுபடாது. உலைக்குள் நியூட்ரானை வாங்கி யுரேனியம்-233 ஆன பிறகுதான் எரிபொருள். அணு விஞ்ஞானி ஹோமி பாபா வகுத்த மூன்று கட்ட அணுமின் திட்டத்தில் இது மூன்றாவது கட்டம், நாம் இன்னும் கல்பாக்கம் ஈனுலையோடு (எரிக்கிறதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) இரண்டாவதில் மல்லுக்கட்டுகிறோம். ஆகவே கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் இந்தத் தாது மணலை அள்ளும் திட்டத்தை யாராவது நிகர பூஜ்ஜியத்தின் பேரில் நியாயப்படுத்தினால், எந்த உலைக்கு, எந்த வருஷம் என்று திருப்பிக் கேளுங்கள். கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கேட்டு நிற்கிற ஊர்களிடம் போய் மணலைக் கேட்பதற்குக் கொஞ்சம் கூச்சமாவது வேண்டும்.

கேள்வி: இன்னொரு சுனாமி வந்தால்? (வாசகர், மணக்குடி)

2004-ல் பாலமே போன ஊர்க்காரர் நீங்கள், கேட்கத்தான் செய்வீர்கள். புகுஷிமாவில் டீசல் ஜெனரேட்டர்கள் முழுகி, குளிர்விக்க வழியில்லாமல்தான் உலை உருகியது. கூடங்குளத்தில் கரண்டே இல்லாவிட்டாலும் காற்றோட்டத்தாலேயே வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு உண்டு. எனக்குப் பெரிய கவலை, எரிந்து முடிந்த எரிபொருளை நிரந்தரமாக எங்கே வைப்பது என்பதுதான்.

கேள்வி: இந்த உலைகளால் கரண்ட் பில் குறையுமா? (வாசகி, தக்கலை)

அந்த ஆசை வேண்டாம்.