பக்கத்து மனையில அபார்ட்மென்ட் வருது, தெருக்காரங்க எதிர்த்தா நிக்குமா?

கேள்வில ரெண்டு விஷயம் கேட்டிருக்கீங்க. ஆதம்பாக்கத்துல உங்க வீட்டை ஒட்டி இருந்த பழைய தனி வீட்டை இடிச்சுட்டு ஸ்டில்ட் (கார் நிறுத்த தூண் மட்டும் விட்ட கீழ்த்தளம்) பிளஸ் மூணு மாடி வருது, தெருவுல ஒருத்தரையும் கேக்காம சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எப்படி அப்ரூவல் குடுத்துச்சுன்னு ஒண்ணு. கலிஃபோர்னியால உங்க தம்பி பிளானிங் கமிஷன் மீட்டிங்ல மைக் பிடிச்சு ஆட்சேபணை சொன்னாராமே, அந்த மாதிரி இங்க எதுவும் கிடையாதான்னு இன்னொண்ணு.

கிடையாதுங்க. இதை முதல்ல மனசுல வாங்கிக்கிட்டா பாதி அலைச்சல் மிச்சம். நான் இருக்கறது நங்கநல்லூர், எங்க தெருவுல தனி வீடுங்க ஒவ்வொண்ணா ஃபிளாட் ஆகறதைப் பாத்துக்கிட்டு, ஒரு கட்டடத்துக்காக அசோசியேஷன் சார்பா கொஞ்சம் ஓடவும் செஞ்சதால சொல்றேன்.

அதோட உங்க கேஸ்ல அனுமதி குடுத்தது அனேகமா சிஎம்டிஏவே இல்ல, கார்ப்பரேஷனா இருக்கும். பத்தாயிரம் சதுர அடி, எட்டு வீடு, அதோட உயரத்துக்கும் ஒரு வரம்பு, இதுக்குள்ள அடங்கற குடியிருப்புக்கு கார்ப்பரேஷனே பிளானிங் பர்மிஷன் குடுக்கற மாதிரி அதிகாரத்தைப் பிரிச்சுக் குடுத்திருக்காங்க. இப்ப கணக்கு போட்டுப் பாருங்க, ரெண்டு கிரவுண்ட்னா 4,800 சதுர அடி, எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாங்கற கணக்கு) ரெண்டு, ஆக 9,600 சதுர அடி கட்டலாம், பத்தாயிரத்துக்கு ஜஸ்ட் கீழ. நம்ம பக்கத்துல வர்ற கட்டடம் முக்கால்வாசி ஸ்டில்ட் பிளஸ் மூணா, எட்டு வீட்டுக்கு மேல போகாம இருக்கறதுக்கு இதுதான் காரணம், பில்டருக்கு நம்ம தெரு அழகு மேல அக்கறை எல்லாம் ஒண்ணும் இல்ல.

முன்னாடி எஃப்எஸ்ஐ ஒண்ணரைதான். 2019ல தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தப்ப அதை ரெண்டாக்கினாங்க, ஹைரைஸ் இல்லாத கட்டடத்தோட உயர வரம்பையும் 18.30 மீட்டருக்கு ஏத்திட்டாங்க. உங்க தெருவோட தலையெழுத்து மாறினது அன்னைக்குத்தான், பில்டர் பூஜை போட்ட அன்னைக்கு இல்ல. இங்க அனுமதிங்கறது விதியோட பொருந்துதா இல்லையான்னு பாக்கறது மட்டும்தான். ரோடு அகலம், செட்பேக் (கட்டடத்தைச் சுத்தி விட வேண்டிய காலி இடம்), பார்க்கிங், உயரம் எல்லாம் சரியா இருந்தா குடுத்துதான் ஆகணும், பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம்னு அந்த ஃபார்ம்ல ஒரு கட்டமே இல்ல. சின்ன வீடுன்னா இன்னும் சுலபம், 2,500 சதுர அடி வரைக்கும் மனை, 3,500 சதுர அடி வரைக்கும் கட்டடம், தரைத்தளம் இல்லன்னா அது மேல ஒரு மாடின்னா 2024 ஜூலைலேர்ந்து சுயசான்றுதான், ஆன்லைன்ல பணம் கட்டினா உடனே அனுமதி. சரி பெரிய ப்ராஜெக்டாவது நம்மளைக் கேப்பாங்களான்னா அதுவும் இல்ல. இருபதாயிரம் சதுர மீட்டருக்கு மேல போனா சுற்றுச்சூழல் அனுமதி வேணும், ஆனா 2006 அறிவிக்கைல கட்டுமானத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புலேர்ந்து விலக்கு குடுத்திருக்காங்க.

உங்க தம்பி ஊர் விஷயம் வேற. அங்க சுத்துப்பட்ட வீடுகளுக்கு நோட்டீஸ் வரும், ஹியரிங்ல ஆளுக்கு ரெண்டு மூணு நிமிஷம் பேச விடுவாங்க, கமிஷன் மெம்பருங்க நினைச்சா மாடியைக் குறைக்கச் சொல்லலாம். கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா இருக்கறவங்க எல்லாம் சேந்து வரப்போறவங்களுக்கு கதவைச் சாத்தறதுல போய் முடிஞ்சு, வீட்டு விலை தாறுமாறா ஏறிப்போச்சுன்னு அந்த மாநிலமே இப்ப பின்வாங்குது. 2017ல எஸ்பி 35, 2021ல எஸ்பி 9ன்னு சட்டம் போட்டு, சில வகை வீடுகளுக்கு ஹியரிங்கே இல்லாம நம்மூர் மாதிரி விதி பாத்து அனுமதின்னு கொண்டுவந்துட்டாங்க.

எங்க தெரு மீட்டிங்கைப் பாத்திருந்தா அது ஏன்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும். கோயில் மண்டபத்துல கூடினோம். முதல் அரை மணி நேரம் பேச்சு பூரா யாரு குடி வருவாங்க, பேச்சிலருக்கு விடுவாங்களா, கறி மீன் சமைப்பாங்களா, இதுதான். அப்பறம் மூலை வீட்டு மாமி எந்திரிச்சு, "யார் வேணா வரட்டும்ப்பா, மழை பேஞ்சா என் வீட்டு வாசல் மேன்ஹோல் பொங்கறதே, இன்னும் எட்டு வீட்டுக் கழிவு எங்க போகும்னு யாராவது கேட்டேளா"ன்னாங்க. கேக்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான், ஆனா அதுக்கு பில்டர் கிட்ட பதில் இல்ல, பர்மிஷன் பேப்பர்லயும் இல்ல. அதை வார்டு கமிட்டி, ஏரியா சபைல வைக்கணும். 2022ல விதி போட்டு ஏற்படுத்தியிருக்காங்க, உங்க கவுன்சிலரைக் கேளுங்க. கட்டடத்தை நிறுத்துன்னு அங்க கேட்டா ஒண்ணும் நடக்காது, பைப்பை மாத்துன்னு கேட்டா மினிட்ஸ்லயாவது ஏறும்.

சரி, எதிர்ப்பு எடுபடற இடம் எதுன்னா, அனுமதி குடுத்த பிளானும் தரையில நிக்கற கட்டடமும் ஒத்துப்போகாத இடம். நம்மூர்ல அது நிறையவே இருக்கும். மொதல்ல சைட்ல போர்டு இருக்கா பாருங்க, அனுமதி நம்பர் அதுல போட்டிருக்கணும். எட்டு வீட்டுக்கு மேல, இல்ல மனை 500 சதுர மீட்டருக்கு மேலன்னா ரெரால (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிஞ்சிருக்கணும், தமிழ்நாடு ரெரா வெப்சைட்ல ப்ராஜெக்ட் விவரத்தோட பிளானும் கிடைக்கும். உங்களுது சின்னதுன்னா ஆர்டிஐதான், பத்து ரூபா ஃபீஸ், முப்பது நாள், அனுமதிக் கடிதமும் அங்கீகரிச்ச பிளான் நகலும் வேணும்னு மட்டும் எழுதுங்க, ஏன் குடுத்தீங்க எப்படி குடுத்தீங்கன்னு வியாசம் எழுதாதீங்க. மூணாவது நபர் தகவல்னு மறுத்தா முதல் மேல்முறையீடு போடுங்க.

எங்களுக்கு பிளான் கைக்கு வந்தப்பறம் பக்கத்து வீட்டு மொட்டை மாடிலேர்ந்து டேப் விட்டுப் பாத்தோம். பின்பக்க செட்பேக் சரியா இருந்துச்சு. பக்கவாட்டுல செட்பேக் கொஞ்சம் குறைஞ்சுது, ஆனா பெரிய விஷயம் ஸ்டில்ட்லதான். பிளான்ல மீட்டர் ரூம்னு ஒரு சின்னக் கட்டம், அதைத் தவிர மிச்சம் பூரா கார் நிறுத்தற கோடு. நேர்ல பாத்தா ரெண்டு கார் நிக்க வேண்டிய இடத்தை செங்கல் வச்சு அடைச்சு, ஷட்டர் மாட்ட லிண்டல் வரைக்கும் ஏத்திட்டாரு பில்டர், கடைக்கு வாடகைக்கு விடத்தான். போட்டோ, பிளான் நகல், எந்தத் தூணுக்கும் எந்தத் தூணுக்கும் நடுவுலன்னு குறிச்ச ஒரு பக்க லெட்டர், அவ்வளவுதான் குடுத்தோம். டவுன் அண்ட் கன்ட்ரி பிளானிங் சட்டம் 56, 57 பிரிவுல நோட்டீஸ் விடலாம், வேலையை நிறுத்தலாம், சீல் வைக்கலாம். நோட்டீஸ் வந்ததும் அந்தச் சுவரை அவரே எடுத்துட்டாரு. பக்கவாட்டுக் குறை அப்படியேதான் இருக்கு, அதுல எங்களால ஒண்ணும் ஆகல.

சீல் வச்சுட்டா ஜெயிச்சாச்சுன்னு உக்காந்துடாதீங்க. 80-ஏ பிரிவுல அரசாங்கத்துக்கு மனு போட பில்டருக்கு வழி இருக்கு, போடுவாங்க. இந்த ஊருக்கு வரன்முறைன்னு, விதி மீறிக் கட்டினதைப் பணம் வாங்கிக்கிட்டு சட்டப்படி ஆக்கற ஒரு பழைய வியாதியும் இருக்கு, 1999 பிப்ரவரிக்கு முன்னாடி கட்டினதுக்கு 113-ஏ, 2007 ஜூலைக்கு முன்னாடி கட்டினதுக்கு 113-சின்னு சட்டத்திலேயே பிரிவு சேத்தாங்க. அதனாலதான் சுவர் எழும்பறப்பவே பிடிக்கணும்னு சொல்றேன், ஆள் குடி வந்தப்பறம் போனா கதை வேற.

அனுமதிக்கு முன்னாடியே நீங்க வாய் திறக்கக்கூடிய சமயம்னா நில வகைப்பாடு மாத்தறப்பதான், அதாவது குடியிருப்பு மனையை வணிகமா மாத்தறது மாதிரி. அதுக்கு பேப்பர்ல விளம்பரம் குடுத்து ஆட்சேபணை கேப்பாங்க, யாருமே படிக்காத பக்கத்துல வரும், உங்க கிராமப் பேரும் சர்வே நம்பரும் தெரிஞ்சா கண்டுபிடிச்சுடலாம். அதைத் தாண்டி ஒரு இடத்தையே நிறுத்தணும்னா தெருக்காரங்க அதிருப்தி பத்தாது, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் மாதிரி சட்டக் காரணம் வேணும். 2022ல அது ராம்சர் தளம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் ஆச்சு, அதை வச்சுத்தான் 2025 செப்டம்பர்ல பசுமைத் தீர்ப்பாயம், எல்லை ஆய்வு முடியற வரைக்கும் ஒரு கிலோமீட்டர் சுத்தளவுல புது அனுமதி கூடாதுன்னுச்சு. அதுலயும் சொந்தமா சின்ன வீடு கட்ட மனை வாங்கி வச்சவங்க மாட்டிக்கிட்டாங்க, அது தனிக் கதை.

உங்களுக்கு இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. பைலிங் மிஷின் வர்றதுக்கு முன்னாடி உங்க வீட்டுச் சுவர், காம்பவுண்ட், தரை, சம்ப் எல்லாத்தையும் தேதியோட போட்டோ எடுத்து, பில்டருக்கும் சைட் இன்ஜினியருக்கும் மெயில்ல அனுப்பி வச்சுடுங்க. விரிசல் விட்டப்பறம் "அது பழைய விரிசல் சார்"னுதான் சொல்வாங்க.